அட்டவணையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்: சபையை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபக்குழு நடத்துகிற அனைவருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

ஆண்டின் முதல் ஆராதனையில் வேத வாசிப்பு அட்டவணை ஒன்று கைக்குக் கை போகிறது. "இந்த வருஷம் எல்லாரும் வேதத்தை முழுவதும் வாசித்து முடிக்க வேண்டும்" என்ற அறிவிப்பும் கூடவே வருகிறது. எப்படி வாசிப்பது, வாசித்ததை வைத்து எப்படி ஜெபிப்பது, ஒரு வாரம் விட்டுப்போனால் என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. வாசிக்கச் சொல்லியும் ஜெபிக்கச் சொல்லியும் எத்தனையோ பிரசங்கங்கள் வருகின்றன. செய்து காட்டுகிறவர்கள் குறைவு. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: அட்டவணையைக் கடைசியில் கொடுங்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கவும் ஜெபிக்கவும் கற்றுக்கொடுங்கள்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. (கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள்; அங்கே கணக்கு இன்னும் ஏறும்.) 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூன்றேகால் அதிகாரம். நிதானமாக வாசித்தாலும் ஏறக்குறைய இருபது நிமிடம். அளவு யாரையும் முறிக்காது, வரிசைதான் முறிக்கிறது. ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்கி இதே வேகத்தில் போகிறவர் ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25-ஐத் தொடுவார். அதுவரை ஆபிரகாம், யோசேப்பு, செங்கடல் என்று கதை அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அங்கிருந்து எண்ணாகமம் 10 வரை 53 அதிகாரங்கள்: ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், ஆசாரியரின் உடை, பலிகளின் முறைமைகள், குஷ்டரோகச் சட்டங்கள், கோத்திரங்களின் தொகை. நடுவில் பொன் கன்றுக்குட்டி, நாதாப் அபியூவின் சாவு என்று இரண்டொரு இடத்தில்தான் கதை தலைகாட்டும். பதினாறு நாள் இப்படியே போகிறது. நின்றுபோகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் நிற்கிறார்கள். இதைத் தாண்டியவருக்கு ஏப்ரல் நடுவில் 1 நாளாகமத்தின் ஒன்பது அதிகார வம்சவரலாறு காத்திருக்கிறது. மத்தேயு முதல் அதிகாரம் வரும்போது அக்டோபர் 13 ஆகிவிடும். கிறிஸ்துவைப் பின்பற்ற வந்த ஒருவரை ஒன்பது மாதத்துக்கு மேலாகச் சுவிசேஷங்களின் பக்கமே விடாமல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவருக்கு இதைக் கொடுப்பதை எங்களால் நியாயப்படுத்த முடியவில்லை.

தேதி போட்ட அட்டவணையில் இன்னொரு கேடு உண்டு. காய்ச்சலில் நான்கு நாள் படுத்தவருக்கு ஐந்தாம் நாள் காலையில் பதினாறு அதிகாரம் நிலுவையில் நிற்கிறது. ஒன்றரை மணி நேர வேலை. அன்றைக்கு அவர் வேதத்தைத் திறப்பது தேவனுடைய வார்த்தையைக் கேட்பதற்காக இருக்காது, பாக்கியைத் தீர்ப்பதற்காக இருக்கும். கண் பக்கத்தில் ஓடும், கட்டத்தில் ஒரு டிக் விழும். இரண்டு தரம் இப்படி நடந்த பிறகு தாள் வேதாகமத்துக்குள்ளேயே மடிந்து கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவுணர்வு வருவதால், வேதாகமத்தையே திறக்க மனம் வராது.

இதை அட்டவணை போட்டவர்களே முன்கூட்டி அறிந்திருந்தார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மரே மக்ஷேன் தம் சபைக்காக 1842-ஆம் ஆண்டு முடிவில் தயாரித்த திட்டம் இன்றும் பலர் கையில் இருக்கிறது. பழைய ஏற்பாடு ஆண்டுக்கு ஒரு முறை. புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை. நாளுக்கு நான்கு இடங்களில் வாசிப்பு. அதில் இரண்டு குடும்பத்தோடு, இரண்டு தனிமையில். அந்தத் திட்டத்தோடு சேர்த்தே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதினார்: வெறும் சடங்காகிவிடும், "முடித்துவிட்டேன்" என்ற சுயநீதி வரும், கவனமில்லாமல் ஓடும் பழக்கம் வரும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடும். அவருடைய திட்டத்தை நகலெடுத்தவர்கள் இந்த எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் முதலில் எதைக் கொடுப்பது? மாற்கு சுவிசேஷத்தைச் சொல்வோம். பதினாறு அதிகாரம், வேகமான நடை, இயேசு யார் என்ற கேள்வியை விடாமல் கேட்கும் புத்தகம். முப்பது பகுதிகளாகப் பிரித்தால் பகுதிக்கு இருபது இருபத்தைந்து வசனம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். மீதி இரண்டு நாளை வெறுமையாக விடுங்கள். விட்டதைப் பிடிக்கவோ, பிடித்த பகுதியைத் திரும்ப வாசிக்கவோ உதவும். அடுத்த இரண்டு வாரம் பிலிப்பியர், நாளுக்குப் பத்து வசனம். மொத்தம் எட்டு வாரம், நாற்பது வாசிப்பு. தாளில் தேதியைப் போடாதீர்கள். 1 முதல் 40 வரை எண் மட்டும் போதும். ஒரு வாரம் விட்டுப்போனவர் 17-இல் நின்றார் என்றால் 17-இலிருந்தே தொடர்வார். கடன் எதுவும் ஏறியிருக்காது.

பகுதிகளைப் பிரிக்கும்போது அதிகார எண்ணை நம்பிப் பிரிக்க வேண்டாம். இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எத்தியேன் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. பயனுள்ள கருவிகள்தான், ஆனால் பல இடங்களில் பொருளின் நடுவே வெட்டுகின்றன. பாடுபடும் தாசனைப் பற்றிய பாட்டு ஏசாயா 53-இல் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது 52:13-இலேயே தொடங்கிவிடுகிறது. மாற்கு 9:1, எட்டாம் அதிகாரத்தின் பேச்சைத்தான் முடிக்கிறது. காட்சி எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

எட்டு வாரத்துக்குப் பிறகு பழைய ஏற்பாட்டின் கதையோட்டத்துக்குப் போகலாம். ஆதியாகமம், யாத்திராகமம் 1–20, 24, 32–34, பிறகு 40. லேவியராகமத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. முதல் சுற்றில் 1, 16, 19, 25 ஆகிய நான்கு அதிகாரங்களை எடுத்து, எபிரெயர் 9, 10 அதிகாரங்களோடு பக்கத்தில் வைத்து வாசிக்கச் செய்யுங்கள். பாவநிவாரண நாள் என்ன என்று 16-இல் பார்த்தவருக்கு, எபிரெயர் நிருபத்தின் வாதம் முதன்முறையாக விளங்கும். எண்ணாகமம் 11–14, 20–24. உபாகமம் 4–8, 30, 34. அப்புறம் யோசுவா தொடங்கி இராஜாக்கள் வரை. தீர்க்கதரிசிகளைத் தனியே நிறுத்தி வாசித்தால் அவர்கள் யாரிடம் எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்றே தெரியாது. 2 இராஜாக்கள் 14-இல் இரண்டாம் யெரொபெயாம் வரும்போது ஆமோஸையும் ஓசியாவையும் வாசிக்கட்டும். எசேக்கியாவின் கதையோடு ஏசாயா 36–39. எருசலேமின் கடைசி நாட்களோடு எரேமியா. எஸ்றா 5-ஐ எட்டியதும் ஆகாயும் சகரியாவும். இந்தச் சுற்று முடிந்தவரிடம் முழு வேதத்துக்கான ஓராண்டு அட்டவணையைக் கொடுங்கள். தெரிந்த ஊருக்குள் நடப்பதுபோல் நடப்பார். சங்கீதங்களை மட்டும் முதல் நாளிலிருந்தே நாளுக்கு ஒன்றாகக் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஐந்தரை மாதத்தில் ஒரு சுற்று. 119-ஐ ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். 176 வசனம், எட்டெட்டாக 22 பிரிவு, ஒவ்வொரு பிரிவும் ஒரு நாளைக்குத் தாராளமாகக் காணும்.

இனி அந்த இருபது நிமிடத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது. முக்கியமான இடம் இதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காத இடமும் இதுதான்.

உட்கார்ந்ததும் ஓரிரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்லுங்கள். மனம் அன்றைய வேலைகளை வரிசையாகக் கொண்டுவந்து போடும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் இருந்தால் அவற்றை எழுதி ஒதுக்கிவிடலாம். எழுதாவிட்டால் அவை வாசிப்பு முழுவதும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு வாக்கியத்தில் ஜெபம். "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" என்ற சங்கீதம் 119:18 அதற்கே எழுதினதுபோல் இருக்கிறது. அடுத்து பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒரு முறையாவது வாய்விட்டு. வாய் வாசிக்கும் வேகத்தைக் கண் மீற முடியாது. தெரிந்த பகுதி என்று தாண்டிவிடும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல தடை இல்லை.

இரண்டாம் வாசிப்புக்குப் பிறகு கேள்விகள். இங்கே ஒழுங்கு மிக முக்கியம். "இது எனக்கு என்ன சொல்கிறது?" என்பதைத்தான் எல்லாரும் முதல் கேள்வியாகக் கேட்கிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், இதற்கு முன் என்ன நடந்தது, திரும்பத் திரும்ப வரும் சொல் எது, இந்தப் பகுதி தேவனைப் பற்றிக் காட்டுவது என்ன என்று கேட்ட பிறகு "எனக்கு" வரட்டும். ஒழுங்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற யோபு 8:7 எத்தனை வாழ்த்து அட்டைகளில், எத்தனை திறப்பு விழாக்களில் வாக்குத்தத்தமாக வருகிறது! பேசியவர் யோபுவின் நண்பர்களில் ஒருவரான பில்தாத். பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம், அவர்கள் பாவம் செய்ததால் செத்திருக்கலாம் என்று நான்காம் வசனத்தில் சொல்லிவிட்டு, ஏழாம் வசனத்தில் இந்த ஆறுதலைச் சொல்கிறார். நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் 42:7-இல் அவரையும் சேர்த்தே கடிந்துகொள்கிறார். எரேமியா 29:11 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-க்கு முன்னால் பவுல் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார்; தேர்வில் வெற்றி அங்கே பேச்சிலேயே இல்லை. தொலைபேசிக்குத் தினமும் வரும் ஒற்றை வசனம் வாசிப்புக்கு ஈடாகாது என்பதற்கு இதுவே காரணம். மேலும் கீழும் பத்து வசனம் வாசித்துவிட்டுப் பகிருங்கள் என்று சபைக்கு ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாலே பாதிப் பிழை நின்றுவிடும்.

குறிப்பேட்டில் இரண்டு மூன்று வரிக்கு மேல் எழுத வற்புறுத்த வேண்டாம். தேதி, பகுதி, கண்ட ஒரு காரியம், இன்று செய்யவேண்டிய ஒன்று. செய்யவேண்டியது கையால் தொடக்கூடியதாக இருக்கட்டும். "இன்னும் அன்பாயிருப்பேன்" என்று எழுதினால் மாலையில் சரிபார்க்க வழியில்லை. "நேற்றுக் கோபமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பேன்" என்றால் இரவில் தெரிந்துவிடும், கேட்டோமா இல்லையா என்று. சில நாள் செய்யவேண்டியது ஒன்றும் இருக்காது; தேவனை வியப்பது மட்டுமே அன்றைய பங்கு. அதையும் எழுதலாம்.

ஜெபத்துக்கு வருவோம். மூன்று நிமிடத்துக்குமேல் ஜெபிக்க வார்த்தை வருவதில்லை என்று பலர் வெட்கத்தோடு சொல்வார்கள். காரணம் பக்திக்குறைவு என்று நாம் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அவர்கள் வேதத்தை மூடிவிட்டு, தொடர்பே இல்லாமல் வேறொரு காரியமாக ஜெபத்தைத் தொடங்குகிறார்கள். வெறுங்கையோடு நின்றால், கையில் இருப்பது தேவைப்பட்டியல் மட்டும்தான். அதைச் சொல்லி முடித்ததும் ஜெபமும் முடிந்துவிடுகிறது. வேதத்தைத் திறந்தே வைத்துக்கொண்டு, வாசித்த வசனத்தையே ஜெபமாக்கப் பழக்குங்கள். 1535-இல் மார்ட்டின் லூத்தர், தம் முடிதிருத்துநர் பீட்டர் ஜெபிப்பது எப்படி என்று கேட்டதற்காக ஒரு சிறு நூலையே எழுதிக் கொடுத்தார். ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டால் அதை நான்காக முறுக்கிய மாலையாக்குவதாக அவர் சொல்கிறார்: இதில் என்ன கற்றுக்கொள்கிறேன், எதற்கு நன்றி சொல்கிறேன், எதை அறிக்கையிடுகிறேன், எதைக் கேட்கிறேன்.

பிலிப்பியர் 2:4-ஐ வைத்துச் செய்து பாருங்கள்: "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக." கற்றுக்கொள்வது: என் காரியத்தைப் பார்ப்பதோடு என் பொறுப்பு முடியவில்லை. நன்றி: கிறிஸ்து தமக்கானவைகளை நோக்காமல் என்னை நோக்கினார், என்னைக் கவனித்துக்கொண்ட இன்னார் இன்னாருக்காகவும் நன்றி. அறிக்கை: இந்த வாரம் யாருடைய கஷ்டத்தைக் கண்டும் காணாததுபோல் போனேன்? பெயரோடு சொல்ல வேண்டும். விண்ணப்பம்: இன்று ஒருவரைப் பார்க்கக் கண்ணைத் தாரும். ஒரே வசனத்தில் ஏழெட்டு நிமிடம் ஜெபித்தாகிவிட்டது, இழுத்துப் பிடித்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு எண்ணம் மனதைப் பற்றிக்கொண்டால் மற்ற இழைகளை விட்டுவிட்டு அங்கேயே நின்று கேட்கச் சொல்கிறார் லூத்தர். நான்கையும் முடித்தே ஆகவேண்டும் என்று இதையும் ஒரு சட்டமாக்கிவிடுகிற ஆட்கள் நம்மிடம் உண்டு என்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் இப்படி விரித்து ஜெபிக்கலாம். அதன் வரிசையைக் கவனியுங்கள்: நாமம், ராஜ்யம், சித்தம் வந்த பிறகுதான் அப்பம். நம் ஜெபங்களில் அப்பம் முதலில் வந்து, மற்றவை கடைசியில் ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிடுகின்றன. நாளுக்கு மூன்று முறை இந்த ஜெபத்தைச் சொல்லும்படி ஆதிச்சபையின் திதகே என்ற ஏடு, அதன் எட்டாம் அதிகாரத்தில் கூறுகிறது. மனப்பாட ஜெபம் உயிரற்றது என்று தள்ளிவிடுகிற சபைகள் இதை மறுபடி யோசிக்கலாம். துக்கத்தில் சொந்த வார்த்தை வராதபோது மனப்பாடமாய் இருப்பதுதான் வாயில் நிற்கும்.

மற்றவர்களுக்காக ஜெபிக்கும் பட்டியல் எப்போதும் ஒரே விதமாகத்தான் கெடுகிறது: பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும், எதையும் நீக்க மனம் வராது, நாற்பது பெயரை ஒரே மூச்சில் வாசிப்பது ஜெபமாகிவிடும். கிழமைக்கு ஐந்து பெயர் என்று பிரித்துக்கொண்டால் வாரத்தில் 35 பேர். வீட்டாருக்கு மட்டும் தினமும் இடம். பெயருக்குப் பக்கத்தில் என்ன கேட்கிறோம் என்று எழுதினால்தான் பதில் வந்ததா என்று பிறகு பார்க்க முடியும். "ஆசீர்வதியும்" என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றாவிட்டால் பவுல் கேட்டதைக் கேளுங்கள்: எபேசியர் 1:17–19, 3:16–19, பிலிப்பியர் 1:9–11, கொலோசெயர் 1:9–12. சிறையிலிருந்து எழுதியவர் கேட்பவை என்னென்ன என்று பார்த்தாலே நம் பட்டியல் எவ்வளவு குறுகியது என்று தெரியும்.

புலம்பலுக்கும் இடம் கொடுங்கள். சங்கீதம் 13-இல் ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று சங்கீதக்காரர் நான்கு முறை கேட்கிறார். அடுத்த இரண்டில் வேண்டுகிறார். கடைசி இரண்டில் நம்பிக்கை வருகிறது. முறையிடுவதே அவிசுவாசம் என்று கற்பிக்கப்பட்டவருக்கு இந்தச் சங்கீதத்தைக் கையில் கொடுத்து, தன் நிலைமையை அதன் இடைவெளிகளில் வைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள். சங்கீதம் 88 நம்பிக்கைக்குத் திரும்பாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வதைக் கொண்டு, காலை நான்கு மணியைச் சட்டமாக்கிவிடுகிறோம். தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். "அந்தி சந்தி மத்தியானவேளைகளிலும்" என்கிறது சங்கீதம் 55:17. இரவு வேலைக்குப் போகிறவருக்கும், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும் அதிகாலைச் சட்டம் அநியாயம். அவர்களுக்கு ஐந்து நிமிடமாக மூன்று வேளை ஒரு சங்கீதத்தோடு போதும். எந்த நேரம் என்பதைவிட, தினமும் நடக்கும் ஒரு காரியத்தோடு அதை ஒட்டிவைப்பது பலன் தரும்: எழுந்து முகம் கழுவியதும், வேலையிடம் போய் அமர்ந்ததும், குழந்தை தூங்கியதும். தொலைபேசியில் வாசிக்கிறவர் இணைப்பை அணைத்துவிட்டு வாசிக்கட்டும். அறிவிப்பு ஒன்று வந்தால் வாசிப்பு அத்தோடு போயிற்று. முடிந்தவர்கள் அச்சுப் புத்தகத்துக்கு வருவது நல்லது. பக்கத்தில் எந்த இடத்தில் பார்த்தோம் என்பதையும் மனம் பிடித்துக்கொள்ளும்.

வாசிக்கத் தெரியாதவர்களையும் பார்வை மங்கினவர்களையும் நம் அட்டவணைகள் கண்டுகொள்வதே இல்லை. "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" என்று வெளிப்படுத்தின விசேஷம் 1:3 ஒருமையில் ஒருவரையும் பன்மையில் பலரையும் சொல்கிறது. ஒருவர் வாசிக்கச் சபை கேட்டது. கொலோசெயர் 4:16-உம் 1 தெசலோனிக்கேயர் 5:27-உம் நிருபங்களைச் சபைக்கு முன் வாசிக்கச் சொல்கின்றன. ஒலிவடிவ வேதாகமத்தைக் கேட்பது இரண்டாந்தரம் அல்ல. ஆனால் வேலை செய்துகொண்டே கேட்டால் காதுவழியே போய்விடும். ஒரு பகுதியைக் கேட்டு, நிறுத்தி, மறுபடி கேட்டு, வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாலிபர் ஒருவர் வாரம் இருமுறை போய் ஒரு முதியவருக்கு மாற்கு வாசித்துக் காட்டினால் இருவருடைய வாசிப்பும் நடந்துவிடும்.

குடும்ப ஜெபம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், பிள்ளைகள் இருந்தால். ஒரு சம்பவம், ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம். பிள்ளைகளின் தவறுகளை ஜெபத்தில் வைத்துப் பெற்றோர் கண்டிக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பிரசங்கபீடத்திலிருந்தே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஜெபம் தேவனுக்குச் சொல்லப்படவில்லை என்பது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

வறட்சிக் காலம் எல்லாருக்கும் வரும். வாசித்தால் ஒட்டாது, ஜெபித்தால் எதிரொலி இருக்காது. அப்போது அளவைக் கூட்டச் சொல்கிறவர்களே அதிகம். குறைக்கச் சொல்லுங்கள்: ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், அவ்வளவுதான், ஆனால் தினமும். மறைத்துவைத்த பாவமோ, தீர்க்காத பகையோ இருந்தால் அதைத் தனியே பேச வேண்டும். ஆனால் எல்லா வறட்சிக்கும் பாவம் காரணம் என்று தீர்ப்பெழுதுவது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை. தூக்கம் கெட்டு, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், சாக வேண்டும் என்று பேசுகிறவரிடம் "இன்னும் ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியாவைத் தூதன் முதலில் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிட வைத்தான். ஓரேபுக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் பக்கத்தில் மாற வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம். பிரசங்க வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதி முழுவதையும் ஆராதனையில் வாசியுங்கள். அடுத்த வாரப் பகுதியை இந்த வாரமே அறிவியுங்கள், வீட்டில் வாசித்துவிட்டு வருவார்கள். பிரசங்கத் தயாரிப்புக்காக வாசிப்பதையே உங்கள் சொந்த வாசிப்பாகக் கணக்கு வைக்காதீர்கள். மற்றவர்களுக்கு என்ன சொல்லலாம் என்று தேடும் கண்ணுக்குத் தனக்கென்று சொல்லப்படுவது படாது. மேடையில் நீண்ட, அலங்கார ஜெபமே எப்போதும் கேட்கப்படுகிறது. அதைக் கேட்டே, "எனக்கு ஜெபிக்கத் தெரியாது" என்று எத்தனையோ பேர் வாய் மூடிக்கொள்கிறார்கள். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று ஆயக்காரன் சொன்ன அளவில் நீங்களும் சில வாரம் ஜெபித்துக் காட்டுங்கள். முழு வேதத்தையும் முடித்தவர்களுக்குப் பரிசு கொடுப்பதை விடுங்கள். சந்திக்கும்போது "வாசித்தீர்களா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்றுதான் பதில் வரும், அதிலும் பாதி பொய்யாகவே வரும். "என்ன வாசித்தீர்கள், எது புரியவில்லை?" என்று கேளுங்கள். புரியாததைச் சொல்ல வெட்கப்பட வேண்டாத சபையில்தான் வாசிப்பு நிலைக்கும்.

அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டுதான் இருந்தார். ஆர்வத்தில் குறையில்லை, புத்தகமும் கையில் இருந்தது. "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்றார். பிலிப்பு ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். எஸ்றாவின் காலத்து லேவியரும் தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள் என்று நெகேமியா 8:8 சொல்கிறது. உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே.

எனவே அடுத்த அட்டவணையை அச்சுக்கு அனுப்பும் முன், எட்டு வாரத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு குழுவில் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். பத்துக்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். முதல் கூடுகைக்கு மாற்கு 1:1–20 போதும். இருபது நிமிடம் எல்லாரும் அமைதியாக மேலே சொன்னபடி வாசித்து எழுதட்டும். இருபது நிமிடம் கண்டதையும் புரியாததையும் பேசட்டும். மீதி நேரத்தில் அந்த வசனங்களிலிருந்தே ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபிக்கட்டும். முதல் வாரம் நீண்ட மௌனம் விழும். அதை நிரப்ப நீங்கள் பிரசங்கம் தொடங்கிவிடாமல் இருந்தால், மூன்றாம் வாரத்தில் அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

கிறிஸ்துவின் பணியில் உங்களோடு,
வீட்டு வேதபாடக் குழுக்களை நடத்துகிறவர்கள்